கடலில் கலக்கும் ஆற்றுநீர் வீண்தானா?

மழைக்காலம் வந்துவிட்டால் செய்தித்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் வாக்கியம் ஒன்று உண்டு. "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது" என்பதே அது. 2018ஆம் ஆண்டு மேட்டூர் அணை நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபோது இதைக் கேட்காத காது தமிழ்நாட்டில் இருந்திருக்காது. உங்களில் பலர் கட்டுரைப் போட்டிகளில் இதை எழுதியிருப்பீர்கள். ஆசிரியரும் சரி என்று குறியிட்டிருப்பார்.

அந்த வாக்கியத்தில் "வீணாக" என்ற ஒரு சொல் தவறு என்பது என் கருத்து. வெள்ளத்தைத் தேக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காய்ந்து கிடக்கும் வயலைப் பார்த்து வருந்தும் உழவருக்கு எதிராகப் பேசவும் வரவில்லை. ஆற்றுநீர் கடலைத் தொடும் இடத்தில் ஒரு பெரிய வேலை நடக்கிறது. அந்த வேலை நம் கண்ணில் படாததால் அங்கே போகும் நீரை வீண் என்கிறோம். இதற்குச் சாட்சியாக ஒரு மீனின் செவுளை அழைக்கிறேன். அது சொல்வதைக் கேட்டபின் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

நார்த்தங்காயும் உலர்ந்த திராட்சையும்

நார்த்தங்காயைக் கீறி உப்பு அடைத்து ஜாடியில் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியின் அடியில் நீர் நிற்கிறது, காய் சுருங்கியிருக்கிறது. உலர்ந்த திராட்சையை வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் அது ஊதிப் பருக்கிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே. உப்போ சர்க்கரையோ குறைவாகக் கரைந்துள்ள பக்கத்திலிருந்து மிகுதியாகக் கரைந்துள்ள பக்கத்துக்கு, மெல்லிய சவ்வின் வழியே நீர் செல்கிறது. இதைச் சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள்.

மீன் தன் வாழ்நாள் முழுவதையும் இந்த விதியின் நடுவில்தான் கழிக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆற்று நீரில் பெரும்பாலும் அரை கிராமுக்கும் குறைவு. எலும்பு மீன்களின் இரத்தத்தில் இருக்கும் உப்போ லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம். கடலில் பிடித்த மீனானாலும் சரி, குளத்தில் பிடித்த மீனானாலும் சரி, இந்த அளவு பெரிதும் மாறுவதில்லை. (சுறாவும் திருக்கையும் வேறு உபாயத்தைக் கையாளுகின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.)

ஆகவே கடல்மீன் நார்த்தங்காயைப் போன்றது. அதன் உடல் நீர் ஓயாமல் வெளியே இழுக்கப்படுகிறது. கடலின் உப்போ உள்ளே நுழையப் பார்க்கிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அது வற்றிப்போகும் அபாயத்தில் இருக்கிறது. ஆற்று மீன் திராட்சையைப் போன்றது. நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது.

செவுளின் இரண்டாவது வேலை

செவுள் எதற்கு என்று தேர்வில் கேட்டால் "சுவாசிக்க" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அது பாதி விடைதான்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 6 மில்லிலிட்டர் மட்டுமே. இந்தச் சொற்ப ஆக்சிஜனைப் பிடிக்க வேண்டுமானால் செவுளின் பரப்பு மிகப் பெரிதாக இருக்க வேண்டும். அதன் தோல் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். இரத்தம் நீருக்கு மிக அருகில் ஓட வேண்டும். ஆக்சிஜனுக்காக இப்படித் திறந்த கதவின் வழியே நீரும் உப்பும் போய்வரத் தொடங்குகின்றன. எனவே காவலையும் அங்கேயே போட வேண்டியிருக்கிறது.

இந்தக் காவலை அறிவியலார் கண்டுபிடித்த கதை சுவையானது. 1930ஆம் ஆண்டு அமெரிக்க உடலியலாளர் ஹோமர் ஸ்மித், விலாங்கு முதலிய மீன்கள் இருந்த கடல்நீரில் ஒரு சாயத்தைக் கலந்து வைத்தார். சாயம் மீனின் குடலில் போய்ச் சேர்ந்தது. கடல்மீன் கடல்நீரைக் குடிக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. குடித்த நீரோடு உப்பும் உள்ளே போகுமே? மீனின் சிறுநீரை ஆராய்ந்தால் அதில் இரத்தத்தைவிட அதிகமான உப்பு இல்லை. அப்படியானால் மிகுதி உப்பு வேறொரு வழியாக வெளியேற வேண்டும். அது செவுளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்மித் கருதினார். 1931இல் ஆன்சல் கீஸ் என்பவர் விலாங்கின் இதயத்தையும் செவுளையும் தனியே எடுத்து இயங்கவைத்து, செவுள் குளோரைடை வெளியேற்றுவதைக் காட்டினார். மறு ஆண்டில் அவரும் வில்மர் என்பவரும் செவுளில் ஒரு வகைப் பெரிய செல்களைக் கண்டு, உப்பை வெளியேற்றுபவை இவையே என்று கூறினர். அவற்றுக்குக் "குளோரைடு செல்கள்" என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் கூறுவது வேறு, நிரூபிப்பது வேறு அல்லவா? அந்தச் செல்களே உப்பை வெளியேற்றுகின்றன என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1982இல் ஃபாஸ்கெட், ஷெஃபி என்ற இருவர், மீனின் செவுள் மூடியின் உட்புறச் சவ்வில் ஒவ்வொரு செல்லின் மேலும் ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்து அதை உறுதிசெய்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட மீன் எது தெரியுமா? திலேப்பியா. நம் குளங்களில் துள்ளும் அதே ஜிலேபிக் கெண்டைதான்!

கடலில் வாழும் மீனின் குளோரைடு செல், இரத்தத்திலிருந்து குளோரைடை வாங்கி வெளிப்பக்கத்துக் கால்வாய் ஒன்றின் வழியே கடலுக்குள் தள்ளுகிறது. சோடியம், செல்களுக்கு இடையே உள்ள இடுக்கு வழியே பின்தொடர்கிறது. இதற்கெல்லாம் விசை தருவது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் ஒரு புரதப் பம்பு. அது இடைவிடாது சக்தியைச் செலவழிக்கிறது. ஆகவே இந்தச் செல்களில் மைட்டோகாண்டிரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. குளோரைடு வெளியேறும் அந்தக் கால்வாய்ப் புரதம் மனித உடலிலும் உண்டு. அதில் பிறவிக் குறை ஏற்பட்டால்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் கடுமையான நோய் வருகிறது.

ஆற்றில் வாழும் மீனின் செவுளில் இதற்கு நேர்மாறான வேலை. மிக நீர்த்த நீரிலிருந்தும் உப்பைத் தேடிப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். நன்னீர் மீனின் செவுள் இதைச் செய்கிறது என்பதை 1930களில் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ நிறுவினார். உள்ளே புகுந்த மிகுதி நீரைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது.

கட்டளை எங்கிருந்து வருகிறது?

ஆற்றிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து ஆற்றுக்கும் போகும் மீன்களும் உண்டு அல்லவா? கொடுவாயும் மடவையும் உவர்நீரிலும் கடலிலும் உலவுகின்றன. உல்லம் கடலிலிருந்து ஆற்றில் ஏறுகிறது. விலாங்கு ஆற்றிலிருந்து கடலுக்குச் செல்கிறது. இவற்றின் செவுள் ஒரு வேலையை நிறுத்தி அதற்கு எதிரான வேலையைத் தொடங்க வேண்டும். உப்பை வெளியே தள்ளிய தொழிற்சாலை உப்பை உள்ளே இழுக்கும் தொழிற்சாலையாக மாற வேண்டும். இந்த மாற்றத்துக்குக் கட்டளையிடுபவை ஹார்மோன்கள்.

1959இல் அமெரிக்காவில் கிரேஸ் பிக்ஃபோர்டும் அவருடைய துணையாளரும் கில்லி மீன் என்ற சிறு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியை அகற்றிப் பார்த்தனர். கடல்நீரில் அந்த மீன் பிழைத்துக்கொண்டது. நன்னீரில் விட்டாலோ உடலின் உப்பை இழந்து சில நாள்களில் இறந்தது. புரோலாக்டின் என்ற ஒரே ஹார்மோனை ஊசிமூலம் செலுத்தியபோது நன்னீரிலும் உயிர் வாழ்ந்தது. தாய்மாரிடத்தில் பால் சுரக்கத் தூண்டும் அதே ஹார்மோன்தான் மீனில் நன்னீர் வாழ்வுக்குக் காவலாக நிற்கிறது!

புரோலாக்டின் எப்போது சுரக்க வேண்டும் என்பது மீனுக்கு எப்படித் தெரியும்? திலேப்பியாவில் இதற்கு மிக எளிய ஏற்பாடு இருக்கிறது. மீன் நன்னீருக்குள் வந்ததும் இரத்தம் சற்றே நீர்த்துப்போகிறது. உடனே பிட்யூட்டரியில் உள்ள புரோலாக்டின் செல்களுக்குள் நீர் புகுகிறது. அவை திராட்சையைப் போலப் பருக்கின்றன. பருத்ததும் ஹார்மோனை வெளியிடுகின்றன. உடலிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்த செல்களும் இப்படியே செய்கின்றன. எந்த விதி மீனுக்கு ஆபத்தாக இருக்கிறதோ, அதே விதியை மீன் தன் எச்சரிக்கை மணியாகவும் பயன்படுத்திக்கொள்கிறது.

கடலுக்குப் போகும்போது பொறுப்பேற்பது கார்டிசால். மீனின் சிறுநீரகத்தின் முன்பகுதியில் புதைந்துள்ள ஒரு திசு இதைச் சுரக்கிறது. குளோரைடு செல்களைப் பெருக்கவும் அவற்றில் பம்புகளை மிகுதியாக நிறுவவும் கார்டிசால் தூண்டுகிறது. சால்மன் போன்ற மீன்களில் வளர்ச்சி ஹார்மோனும் உடன் நிற்கிறது. மீனை நீளமாக்கும் ஹார்மோனுக்கு உப்பை வெளியேற்றுவதிலும் பங்கு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹார்மோன் என்பது மின்விளக்கின் சுவிட்சைப் போன்றதன்று. கட்டளை வந்தபின் செல்லில் மரபணுக்கள் செயல்படத் தொடங்க வேண்டும்; புதிய புரதங்கள் உருவாக வேண்டும்; பழைய செல்கள் மாறவும் புதிய செல்கள் வளரவும் வேண்டும். இதற்குச் சில மணி நேரம் முதல் சில நாள்கள் வரை ஆகும். அதுவரை மீன் தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஒரே மீன், ஒரே நீர், இரண்டு முடிவுகள்

நன்னீரில் வளர்ந்த திலேப்பியாவை லிட்டருக்கு 30 கிராம் உப்புள்ள நீரில் திடீரென்று விட்டால் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறது. அதே மீனை முதலில் 20 கிராம் உப்புள்ள நீரில் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு 30 கிராம் உப்புள்ள நீருக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்கிறது. இது ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்த உண்மை.

சற்று எண்ணிப் பாருங்கள். மீன் ஒன்றே, போய்ச் சேர்ந்த நீரும் ஒன்றே. ஒன்று மாண்டது, ஒன்று வாழ்ந்தது. நடுவில் இருந்த ஒரு படிதான் வேறுபாடு. அந்தப் படியில் நின்ற ஒரு நாளில் ஹார்மோன் தன் வேலையைச் செய்துவிட்டது.

இயற்கையில் அந்தப் படி எங்கே இருக்கிறது? ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் இருக்கிறது. மேலிருந்து வரும் நன்னீரும் கீழிருந்து ஏறும் கடல்நீரும் அங்கே கலந்து 5, 10, 20, 30 என்று படிப்படியாக உப்பு உயரும் ஒரு நீண்ட படிக்கட்டைக் கட்டுகின்றன. இந்தப் படிக்கட்டைக் கட்டும் கொத்தனார் ஆற்றுநீர். அது வரவில்லையென்றால் படிக்கட்டு இல்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் அணைக்குப் பின்னால் நன்னீர், நடுவில் செங்குத்தான சுவர். இதனால்தான் "வீணாக" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது.

நீர் வராதபோது நேர்ந்தவை

உல்லம் மீனை எடுத்துக்கொள்வோம். வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடப்படும் ஹில்சா இதுவே. கடலில் வாழ்ந்து, பருவமழை வெள்ளம் வரும்போது ஆற்றில் ஏறி முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றோடு இறங்கிக் கடல் சேரும். ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் பெயர்பெற்றிருந்தது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபின் பருவ வெள்ளம் அணைக்குள் அடங்கியது. உல்லம் மீன்பிடிப்பு நலிந்தது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய பி. சுந்தரராஜ், அணைகளும் மீன்வளமும் பற்றி, மேட்டூர் இந்தியாவுக்குக் கற்பிக்கும் பாடம் என்னவென்று 1941லேயே கட்டுரை எழுதினார். கங்கையில் அலகாபாத் வரையிலும் அதற்கு மேலும் ஏறிவந்த ஹில்சா, 1975இல் ஃபரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அங்கெல்லாம் அரிதாகிவிட்டது.

உல்லம் குறைந்ததற்கு உப்பின் அளவு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அறிவியலாகாது. அணையின் சுவர் வழியை மறித்தது. வெள்ளம் என்னும் அழைப்பு நின்றது. குஞ்சுகளையும் வாரிவிடும் சிறுகண் வலைகளும் சேர்ந்துகொண்டன. இவற்றில் வெள்ளம் நின்றதும் படிக்கட்டு குலைந்ததும் ஒரே செயலின் இரு விளைவுகள்.

நம் கரையோரத்திலேயே வேறு சான்றுகளும் உண்டு. ஆற்றின் ஓட்டம் குன்றினால் கடலலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. சென்னையில் அடையாற்றின் வாயிலும் பழவேற்காடு ஏரியின் வாயிலும் இது அடிக்கடி நடக்கிறது. காவிரிப் பாசனத்தின் கடைக்கோடியில் உள்ள முத்துப்பேட்டையில் கோடைக் காலத்தில் காயல் நீரின் உப்பு கடல்நீரின் உப்பையும் மிஞ்சிவிடுவது உண்டு. கடலைவிட உப்பான நீரில் மீன் குஞ்சு எந்தப் படியில் கால் வைக்கும்?

வட அட்லாண்டிக், வட பசிபிக் நாடுகளின் சால்மன் குஞ்சு இன்னொரு பாடம் சொல்கிறது. அது ஆற்றில் இருக்கும்போதே, வசந்த காலத்தில் பகல் நீள நீள அதன் ஹார்மோன்கள் உயர்ந்து செவுளைக் கடலுக்குத் தயார் செய்துவிடுகின்றன. ஆனால் இந்தத் தயார்நிலை சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் கடலை அடையாவிட்டால் செவுள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மீனுக்குத் தண்ணீரின் அளவு மட்டுமல்ல, அது வரும் காலமும் முக்கியம். தவணை தவறிய நீர் பாதி நீர்தான்.

எதிர்வாதங்களுக்கு விடை

"குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது மீனுக்கு எதற்குத் தண்ணீர்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வறட்சி ஆண்டில் குடிநீருக்கே முதலிடம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கழிமுகத்து மீனும் இறாலும் நண்டும் சிலருடைய சோறு. வலை வீசும் குடும்பங்களும் இந்நாட்டு மக்களே. ஆற்றுநீரைப் பங்கிடும்போது வயலுக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு என்று எழுதுகிறோம். கழிமுகத்துக்கு இவ்வளவு, இன்ன மாதத்தில் என்று ஒரு வரியும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மிச்சம் இருந்தால் போகட்டும் என்று விடுவது பங்கீடு ஆகாது.

"திலேப்பியா எல்லா நீரிலும் வாழ்கிறதே, மற்ற மீன்களும் பழகிக்கொள்ளாதா?" என்று இன்னொருவர் கேட்கலாம். திலேப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். இந்தியாவுக்குள் 1952இல் கொண்டுவரப்பட்டது. பரந்த உப்பு வேறுபாட்டைத் தாங்கும் மீன்கள் உலகில் குறைவு. பெரும்பாலான மீன்கள் ஒருவகை நீருக்கே உரியவை. நாம் நீர்நிலைகளைக் கெடுத்துக்கொண்டே போனால் எதையும் தாங்கும் ஒரு சில மீன்கள் மட்டும் பெருகும், மற்றவை மறையும். அப்படிப் பெருகிய ஒன்றைக் காட்டி எல்லாம் நலமே என்று சொல்வது, வகுப்பில் ஒரு மாணவன் தேறியதைக் காட்டி வகுப்பே தேறிவிட்டது என்று சொல்வதைப் போன்றது. அந்தத் திலேப்பியாவுக்கும் ஒரு நாள் படி தேவைப்பட்டதை மேலே கண்டோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

இதை நம்பத்தான் வேண்டும் என்பதில்லை. பாதியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான உருளைக்கிழங்குத் துண்டுகளை வெட்டி எடை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 35 கிராம் உப்பு, 10 கிராம் உப்பு, உப்பில்லாத நீர் என்று மூன்று பாத்திரங்களில் தனித்தனியே போட்டு வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் துடைத்து மீண்டும் எடை போட்டு, எது சுருங்கியது, எது பருத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உயிருள்ள மீனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது படும் பாட்டை உருளைக்கிழங்கே சொல்லிவிடும். உருளைக்கிழங்கிடம் இல்லாத ஒன்று மீனிடம் இருக்கிறது: எதிர்த்து நிற்கும் செவுளும் அதற்குக் கட்டளையிடும் ஹார்மோனும்.

கடலோரத்தில் வாழும் மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊர் முகத்துவாரம் எந்த மாதத்தில் திறந்திருக்கிறது, எந்த மாதத்தில் மணல் மூடுகிறது, அப்போது வலையில் என்ன மீன் விழுகிறது என்று மீனவப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டுக் குறிப்பு ஒரு நல்ல அறிவியல் ஆவணம்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த வாக்கியம் மீண்டும் செய்தித்தாளில் வரும். ஆசிரியர் கட்டுரையும் எழுதச் சொல்வார். அப்போது "தண்ணீர் கடலில் கலந்தது" என்று எழுதுங்கள். எவ்வளவு, எந்த மாதத்தில் என்றும் சேர்த்து எழுதுங்கள். "வீணாக" என்று எழுதப் பேனா போகுமானால், முகத்துவாரத்தில் படி தேடி நிற்கும் ஒரு மடவைக் குஞ்சை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.